பி.எட். மாணவர்களுக்குக் கணினி சொல்லித் தருகிறோம், கணினியோடு பாடம் நடத்தச் சொல்லித் தருகிறோமா?

#1 முக்கோணம்

எல்லோருக்கும் வணக்கம். தனியார் கல்வியியல் கல்லூரி ஒன்றில் பதினோரு ஆண்டுகளாகக் கணிதம் கற்பித்தல் தாள் எடுக்கிறேன். சில வாரங்களாக மனத்தை உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தை இங்கே வைக்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கற்பித்தல் பயிற்சியில் இருக்கும் என் மாணவி ஒருத்தியின் வகுப்பைப் பார்க்க ஓர் அரசு உயர்நிலைப் பள்ளிக்குப் போயிருந்தேன். ஏழாம் வகுப்பு. முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூடுதல் 180 பாகை என்ற பாடம். பிள்ளை நன்றாகத் தயாரித்துக்கொண்டு வந்திருந்தாள். மடிக்கணினியில் ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருள், ஸ்மார்ட் போர்டில் பெரிய முக்கோணம், ஒவ்வொரு முனையிலும் கோண அளவு. ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள், கோணங்கள் மாறின. "எப்படி இழுத்தாலும் கூட்டினா 180தான், பாருங்க" என்றாள். மூன்றாவது வரிசையில் இருந்த ஒரு பையன் நோட்டில் கூட்டிப் பார்த்துவிட்டு எழுந்தான்.

"மிஸ், 60, 61, 60. எனக்கு 181 வருது."

வகுப்பு அமைதியாகிவிட்டது. அவள் பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சாஃப்ட்வேர்ல ஏதோ தப்பு" என்று சொல்லித் திரையை அணைத்துவிட்டு, புத்தகத்தில் இருந்த நிரூபணத்தைக் கரும்பலகையில் எழுத ஆரம்பித்தாள். பையன் உட்கார்ந்துவிட்டான்.

மென்பொருளில் தப்பே இல்லை. உண்மையான கோணங்கள் 59.6, 60.7, 59.7 என்பது போல இருந்திருக்கும். கூட்டினால் சரியாக 180. தசமம் இல்லாமல் காட்டும்படி வைத்திருந்ததால் ஒவ்வொன்றையும் பக்கத்து முழு எண்ணாக்கிக் காட்டியது. தசம இடத்தைக் கூட்டி வைத்துவிட்டு, "181 எங்கிருந்து வந்தது?" என்று அந்தப் பையனிடமே கேட்டிருக்கலாம். ஓர் இடம் வைத்தாலும் சில நேரம் 180.1 வரும், அப்போது கேள்வி இன்னும் நன்றாகும். அளப்பது வேறு, நிரூபிப்பது வேறு என்பதை ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு உணர்த்த இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. நிரூபணம் எதற்கு என்பதற்கே பதில் அங்கேதான் இருந்தது.

என் கையில் இருந்த மதிப்பீட்டுத் தாளில் "தொழில்நுட்பப் பயன்பாடு" என்று ஒரு வரி. அதற்கு 5 மதிப்பெண். 4 போட்டேன். பேருந்தில் திரும்பும்போதுதான் அந்த 4 என்னை என்னவோ செய்தது. இரண்டு ஆண்டுகளில் நானோ வேறு யாருமோ அவள் பக்கத்தில் உட்கார்ந்து, இந்த முக்கோணத்தை இழுத்து, "இங்கே பிள்ளைகள் என்ன கேட்பார்கள்?" என்று பேசியதே இல்லை. கணினித் தாள் எடுப்பவருக்குக் கணிதம் கற்பித்தல் தெரியாது. கணிதம் கற்பித்தல் எடுக்கும் நான், அது கணினித் தாள்காரர் வேலை என்று விட்டுவிட்டேன்.

உங்கள் கல்லூரிகளில் எப்படிச் செய்கிறீர்கள்? அடுத்த அணிக்கு நான் என்ன மாற்றலாம்? பள்ளி ஆசிரியர்களும் பயிற்சி மாணவர்களும் சொல்லுங்கள்.

#2 செங்காந்தள்

மேடம், நான் இரண்டாம் ஆண்டு பி.எட்., இயற்பியல் அறிவியல். படித்ததும் என்னைப் பற்றி எழுதியது போலவே இருந்தது.

எங்களுக்கு முதலாம் ஆண்டில் தகவல் தொழில்நுட்பத் தாள் இருந்தது. பதிவேட்டில் வேர்டில் ஒரு வினாத்தாள், எக்செல்லில் மதிப்பெண் பட்டியல், பவர்பாயிண்ட்டில் ஒரு பாடம். நான் ஒளிவிலகல் எடுத்தேன், 18 ஸ்லைடு. எழுத்து பறந்து வருவது போலெல்லாம் வைத்தேன். படங்களும் வண்ணமும் நன்றாக இருப்பதாகச் சொல்லி முழு மதிப்பெண் கொடுத்தார்கள். இதைப் பார்க்கும் குழந்தைக்கு எந்த இடத்தில் குழப்பம் வரும் என்று யாரும் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

பயிற்சிப் பள்ளிக்குப் போனால் ஹைடெக் லேப் இருந்தது, சாவி வைத்திருந்தவர் அன்று விடுப்பு. மறுநாள் திறந்தார்கள், என் மடிக்கணினியை இணைக்கக் கேபிள் இல்லை. என் 18 ஸ்லைடு பையிலேயே இருந்தது. ஒரு கண்ணாடி டம்ளர், தண்ணீர், பென்சில் வைத்துப் பாடம் எடுத்தேன். உண்மையைச் சொன்னால் அந்த வகுப்புதான் நன்றாக அமைந்தது. ஆனால் அங்கே மூன்று வாரம் பெரும்பாலான மதிய நேரங்களில் எனக்குக் கிடைத்த கணினி வேலை என்ன தெரியுமா? பிள்ளைகளின் விவரங்களை இணையத்தில் பதிவேற்றுவது. அதை வேகமாகச் செய்ததற்குப் பாராட்டும் கிடைத்தது.

#3 ஊராட்சிப்பள்ளி

மேடத்துக்கும் செங்காந்தளுக்கும் வணக்கம். 22 ஆண்டுகளாக ஆசிரியர், இப்போது ஒரு ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியர். ஆண்டுதோறும் என் பள்ளிக்குப் பயிற்சி மாணவர்கள் வருகிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை, அனுப்பும் விதத்தில்தான் குறை.

வருகிற பிள்ளை முதல் நாளே பென் டிரைவோடு வருகிறது. எங்கள் ஆறாம் வகுப்பு அறைக்குக் கிழக்குப் பக்கம் இரண்டு பெரிய சன்னல், திரை கிடையாது. காலை 11 மணி வரைக்கும் வெயில் நேராகச் சுவரில் விழும். புரொஜெக்டரில் என்ன போட்டாலும் வெளுத்த துணி மாதிரிதான் தெரியும். மதியம் போட்டால் தெரியும், ஆனால் மதியம் அறிவியல் பாடவேளை இல்லை. அட்டவணையை மாற்றித் தரச் சொல்லி ஒரு வார்த்தை கேட்டால் மாற்றித் தருவேன். இதுவரை ஒரே ஒரு பயிற்சி மாணவி கேட்டாள். பாடம் எடுப்பதற்கு ஒரு நாள் முன்னதாகவே வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துவிட்டுப் போனாள். அந்தப் பெண் இப்போது எங்கே வேலை பார்க்கிறாளோ, அந்தப் பள்ளி கொடுத்து வைத்தது.

அப்புறம் வீடியோ. 2018இல் புதிய பாடப்புத்தகம் வந்ததிலிருந்து பக்கத்துக்குப் பக்கம் கியூஆர் கோடு இருக்கிறது. 2019இலிருந்து கல்வித் தொலைக்காட்சி இருக்கிறது. பொருளுக்குப் பஞ்சமில்லை. பயிற்சி மாணவர்கள் வீடியோவைப் போட்டுவிட்டு ஓரமாக நிற்கிறார்கள். ஆறு நிமிடம் ஓடும், முடிந்ததும் "புரிஞ்சுதா?" என்பார்கள், பிள்ளைகள் "புரிஞ்சுது சார்" என்பார்கள்.

நான் செய்வதைச் சொல்கிறேன். விதை முளைக்கும் வீடியோ ஒன்று, பல நாள் வளர்ச்சியைச் சில விநாடிகளில் ஓட்டிக் காட்டுவது. அதை விதை உப்பி வெடிக்கப் போகும் இடத்தில் நிறுத்துவேன். "முதல்ல வெளியே வரப்போறது வேரா, தண்டா?" கை தூக்கச் சொல்லிக் கரும்பலகையில் எண்ணிக்கை எழுதுவேன். போன முறை தண்டுக்கு 19 பேர், வேருக்கு 8 பேர். ஏன் என்று இரண்டு பக்கமும் பேசவிடுவேன். "வெளிச்சம் வேணும்ல சார், அதான் மேல வரும்" என்றான் ஒருவன். "தண்ணி குடிக்காம எப்படி மேல வரும்?" என்றது ஒரு பெண். அதற்குப் பிறகுதான் வீடியோ ஓடும். வேர் வந்ததும் அந்த 8 பேர் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்தார். முந்தின நாளே ஈரத்துணியில் கட்டி வைத்திருந்த பச்சைப்பயறை அதற்குப் பிறகு அவிழ்த்துக் கையில் கொடுத்தேன். துணியில் இருப்பதும் திரையில் பார்த்ததும் ஒன்றா என்று அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

எங்கே நிறுத்துவது, என்ன கேட்பது. இந்த இரண்டையும் கல்லூரியில் சொல்லிக்கொடுத்து அனுப்புங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

#4 கரிசல்

எல்லோரும் நல்லெண்ணத்தோடுதான் பேசுகிறீர்கள். ஆனால் அடிப்படையான ஒன்றைக் கேட்கிறேன். இது எல்லாம் தேவையா?

பெரு நாட்டில் குழந்தைக்கு ஒரு மடிக்கணினி என்ற திட்டத்தில் லட்சக்கணக்கில் கொடுத்தார்கள். கிராமப்புறப் பள்ளிகளில் ஆய்வு செய்து பார்த்தபோது கணிதத்திலும் மொழியிலும் பிள்ளைகளின் மதிப்பெண் கூடியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. 2023இல் யுனெஸ்கோ வெளியிட்ட உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கையே, இந்தக் கருவிகளெல்லாம் யாருடைய நிபந்தனையில் பள்ளிக்குள் வருகின்றன என்று கேட்டது. நல்ல ஆதாரம் குறைவு, இருக்கிற ஆதாரத்தில் ஒரு பகுதியை விற்பவர்களே தயாரிக்கிறார்கள் என்றும் சொன்னது.

செங்காந்தள் தானே எழுதியிருக்கிறார், டம்ளரும் பென்சிலும் வைத்து எடுத்த வகுப்புதான் நன்றாக இருந்ததென்று. பி.எட். முடித்து வரும் பலருக்குக் கரும்பலகையில் நேராக ஒரு வரி எழுத வருவதில்லை. குரல் கடைசி வரிசைக்குப் போவதில்லை. பாடப்பொருளிலேயே ஓட்டை. அதை விட்டுவிட்டு மென்பொருள் சொல்லித் தருவது, அடித்தளம் போடாத வீட்டுக்கு வெள்ளையடிப்பது போல எனக்குப் படுகிறது. கோபத்தில் எழுதவில்லை, கவலையில் எழுதுகிறேன்.

#5 முக்கோணம்

கரிசல் ஐயா, உங்கள் கவலைதான் என் கவலையும். ஆனால் நான் சொன்ன வகுப்பை இன்னொரு முறை பாருங்கள். அந்தப் பெண் தடுமாறியது மென்பொருளில் இல்லை. தோராய மதிப்பு என்றால் என்ன, அளவீட்டில் பிழை எப்படி வரும் என்ற கணிதத்தில் தடுமாறினாள். ஸ்மார்ட் போர்டு இல்லாத வகுப்பிலும், பிள்ளைகள் பாகைமானி வைத்து அளந்தால் 178 வரும், 182 வரும். அங்கே "சரியா அளக்கல, மறுபடி அள" என்று சொல்லித் தப்பித்துவிடலாம். மென்பொருள் அந்த வழியை அடைத்துவிட்டது. பாடப்பொருளில் இருக்கும் ஓட்டை வெளியே தெரிந்தது. தெரிந்தால்தானே அடைக்க முடியும்?

1986இல் லீ ஷுல்மன் என்ற அமெரிக்கக் கல்வியியலாளர், பாடம் தெரிவது ஒன்று, கற்பிக்கத் தெரிவது ஒன்று, இந்தப் பாடத்தை இந்தப் பிள்ளைக்கு எப்படிப் புரியவைப்பது என்று தெரிவது மூன்றாவதாக ஓர் அறிவு என்று சொன்னார். அதன் மேல் 2006இல் மிஸ்ராவும் கோலரும் தொழில்நுட்பத்தைச் சேர்த்து டிபேக் (TPACK) என்ற சட்டகத்தைக் கொடுத்தார்கள். பாடம், கற்பித்தல், தொழில்நுட்பம் என்று மூன்று வட்டங்கள். எங்கள் மாணவர்கள் ஒன்றோடொன்று வெட்டிக்கொள்ளும் அந்த மூன்று வட்டங்களை அழகாக வரைந்து தேர்வில் மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். வட்டங்கள் வெட்டிக்கொள்ளும் நடு இடத்தில் ஒரு பாடத்தை வைத்துப் பார்த்ததில்லை.

இன்னொன்று. என்.சி.டி.இ. என்ற தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைக்குப் பிறகு பி.எட். இரண்டு ஆண்டு ஆனபோது, பாடத்திட்டச் சட்டகத்தில் அந்தத் தாளுக்கு வைத்த பெயர் தகவல் தொடர்பு தொழில்நுட்பத்தைப் பற்றிய விமர்சனப் புரிதல். விமர்சனம் என்ற சொல் பெயரிலேயே இருக்கிறது. கரிசல் ஐயா இப்போது எழுப்பிய கேள்விகளைத்தான் அந்தத் தாளில் மாணவர்களோடு பேசியிருக்க வேண்டும். நாங்கள் பவர்பாயிண்ட் நடத்தினோம்.

#6 செங்காந்தள்

> கரிசல்: டம்ளரும் பென்சிலும் வைத்து எடுத்த வகுப்புதான் நன்றாக இருந்தது

ஐயா, அது உண்மைதான். ஆனால் அடுத்த வாரம் மின்சுற்று எடுத்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஃபெட் என்று கொலராடோ பல்கலைக்கழகத்தின் பாவனைச் சோதனைகள் இருக்கின்றன, கணினியிலோ போனிலோ செய்து பார்க்கலாம். நோபல் பரிசு வாங்கிய இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் தொடங்கியது. இலவசம், இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். அதில் கம்பி, மின்கலம், பல்பு எல்லாம் விரலால் இழுத்து இணைக்கலாம், கம்பிக்குள் எலக்ட்ரான் ஓடுவது தெரியும்.

முதல் வகுப்பில் அதைத்தான் முதலில் காட்டினேன். பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது. அப்புறம் உண்மையான பல்பும் பேட்டரியும் கொடுத்தேன். பாதிக் குழுக்களுக்கு எரியவில்லை. பேட்டரி பழசு, ஒரு கம்பியில் மேலுறையைச் சீவவே இல்லை. "போன்ல எரிஞ்சுதே மிஸ், இது டூப்ளிகேட் பல்பு" என்று ஒருவன் சொன்னான். அவனுக்குத் திரையில் இருப்பது நிஜமாகவும் கையில் இருப்பது போலியாகவும் ஆகிவிட்டது. எனக்குப் பகீரென்றது.

பக்கத்துப் பிரிவில் மாற்றி எடுத்தேன். முதலில் பல்பு, கம்பி, பேட்டரி. எரியாத குழுக்கள் ஏன் எரியவில்லை என்று தேடட்டும் என்று பதினைந்து நிமிடம் விட்டேன். கம்பியைச் சீவிக்கொண்டார்கள், பேட்டரியை மாற்றிப் பார்த்தார்கள். எரிந்த பிறகுதான் "கம்பிக்குள்ள என்ன ஓடுது?" என்று கேட்டுவிட்டு ஃபெட் காட்டினேன். கண்ணால் பார்க்க முடியாததைக் காட்ட அது வந்தது. டம்ளர் காட்ட முடிவதை டம்ளர் காட்டட்டும் ஐயா. எலக்ட்ரானை எந்த டம்ளரில் காட்டுவது?

எந்த வரிசையில் வைப்பது என்று கல்லூரியில் யாரும் சொல்லவில்லை. ஒரு பிரிவு பிள்ளைகளிடம் தப்பாகச் செய்துதான் தெரிந்துகொண்டேன்.

#7 ஊராட்சிப்பள்ளி

செங்காந்தள், நீங்கள் அந்த முதல் பிரிவுக்கு மறுபடி போய்ப் பல்பைக் கொடுத்தீர்களா? இல்லையென்றால் பயிற்சி முடிவதற்குள் ஒரு பாடவேளை கேட்டு வாங்கிச் செய்துவிடுங்கள். அந்தப் பையன் அந்த எண்ணத்தோடு ஒன்பதாம் வகுப்புக்குப் போகக் கூடாது.

#8 பாலக்காட்டுத்தமிழ்

கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்தில் தமிழ் வழிப் பள்ளியில் கணித ஆசிரியர் நான். எங்கள் அனுபவம் முக்கோணம் மேடத்துக்கு உதவலாம்.

இங்கே ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் 2001இல் தொடங்கியது, 2017இல் அது கைட் என்ற நிறுவனமானது. கட்டற்ற மென்பொருள்தான் பயன்படுத்துகிறோம், உரிமத்துக்குக் காசு இல்லை. ஆனால் நான் முக்கியமாகக் கருதுவது வேறு. உயர்நிலைப் பள்ளியில் கணினிப் பாடத்துக்கென்று தனி ஆசிரியர் வைக்காமல், கணிதம், அறிவியல், மொழி எடுக்கிறவர்களையே எடுக்க வைத்தார்கள். ஆரம்பத்தில் நாங்கள் முணுமுணுத்தோம், இருக்கிற சுமை போதாதா என்று. ஆனால் அதனால்தான் ஜியோஜீப்ரா கணித ஆசிரியர் கைக்கு வந்தது. கணினி அறையில் மட்டும் கிடந்திருந்தால் வந்திருக்காது. எங்கள் கணிதப் பாடப்புத்தகத்திலேயே "இதை ஜியோஜீப்ராவில் வரைந்து பாருங்கள்" என்று ஆங்காங்கே வரும்.

பயிற்சிக்கு வருகிறவர்களிடம் நான் ஒரே ஒரு வேலை கொடுப்பேன். ஒரு வட்டம், அதில் ஒரு நாண், வட்டத்தின் மேல் ஒரு புள்ளி. புள்ளியை நகர்த்தினால் கோணம் மாறாது, நாணைத் தாண்டி அந்தப் பக்கம் போனதும் சட்டென்று மாறும். அந்த இடத்தில் பிள்ளைகளிடம் கேட்பதற்கு ஐந்து கேள்விகள் எழுதிக்கொண்டு வாருங்கள் என்பேன். வரைவதற்குப் பத்து நிமிடம் போதும். ஐந்து கேள்விக்கு இரண்டு நாள் ஆகும். மூன்றாவது கேள்விக்கு மேல் யோசிக்கும்போதுதான் அவர்களுக்கே தேற்றம் பிடிபடுகிறது.

#9 கோப்பாய்க்காரன்

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். கல்வியியற் கல்லூரியில் படித்து இப்போது பாடசாலையில் கற்பிக்கிறேன். எங்களுக்கு மூன்று வருடம். இரண்டு வருடம் கல்லூரி விடுதியில் தங்கிப் படிப்பு, மூன்றாம் வருடம் முழுவதும் பாடசாலையில் கட்டுறுப் பயிற்சி. அந்த ஒரு வருடம் மிகவும் பிரயோசனமானது. சில வாரங்கள் மட்டும் போனால் பாடசாலையில் எந்தச் சாமான் வேலை செய்யும், எது செய்யாது, அதிபரிடம் எப்படிக் கேட்பது என்றே தெரிய வராது. ஒரு வருடம் இருந்தால் தெரிந்துவிடும்.

2022இல் இங்கே ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. கணினி கூடம் சும்மா கிடந்தது. அப்போது பழக்கமான ஒன்றை இன்றைக்கும் விடவில்லை. எந்தப் பாடக் குறிப்பு எழுதினாலும் ஓரத்தில் "மின்சாரம் இல்லாவிட்டால்" என்று இரண்டு வரி எழுதி வைப்பேன். அதை எழுதப்போகும்போதுதான் இந்தப் பாடத்தில் திரை உண்மையில் எதற்கு வேண்டும் என்பது எனக்கே தெளிவாகும். சில பாடங்களில் அந்த இரண்டு வரியே போதும் என்று திரையை விட்டுவிடுவேன்.

#10 பழைய_டயட்

மாவட்ட ஆசிரியர் கல்வி நிறுவனத்தில் விரிவுரையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இத்தனை பேர் அக்கறையாகப் பேசுவதைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன்.

நீங்கள் எல்லோரும் பிள்ளைகளுக்குக் காட்டும் கருவியைப் பற்றியே பேசுகிறீர்கள். ஆசிரியர் தன்னைத் தானே பார்க்கும் கருவியை மறந்துவிட்டோம். நுண்ணிலைக் கற்பித்தல் எல்லோரும் செய்திருப்பீர்கள். 1960களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலனும் மற்றவர்களும் அதை உருவாக்கியபோது அதன் உயிரே வீடியோப் பதிவுதான். பயிற்சி மாணவர் சில நிமிடம் பாடம் எடுப்பார், பதிவைப் போட்டுத் தன்னையே பார்ப்பார், திருத்திக்கொண்டு மறுபடி எடுப்பார். அது இந்தியாவுக்கு வந்தபோது எந்தக் கல்லூரியில் கேமரா இருந்தது? அதனால் நம் ஊருக்கு ஏற்ப 36 நிமிடச் சுழற்சியாக்கினார்கள். 6 நிமிடம் கற்பித்தல், 6 நிமிடம் பின்னூட்டம், 12 நிமிடம் மறுதிட்டம், 6 நிமிடம் மறுகற்பித்தல், 6 நிமிடம் மறுபின்னூட்டம். கேமராவின் இடத்தில் சக மாணவர் கையில் ஒரு உற்றுநோக்கல் தாள். இல்லாத காலத்தில் அது நல்ல ஏற்பாடு.

இன்றைக்கு ஒவ்வொரு மாணவர் பையிலும் கேமரா இருக்கிறது. நாம் இன்னும் தாளில் டிக் அடித்துக்கொண்டிருக்கிறோம். "வினாக் கேட்கும் திறன்: நன்று" என்று தோழி எழுதிக் கொடுக்கிறாள். தோழி வேறு என்ன எழுதுவாள்?

மேடம், ஒரு செலவும் இல்லை. அந்த 6 நிமிடத்தைப் போனில் பதியச் சொல்லுங்கள். ஒரு முறைக்கு ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். கேள்வி கேட்டுவிட்டு எத்தனை விநாடி காத்திருந்தேன் என்று மட்டும். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் இதை அளந்து பார்த்தார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி அளவுதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது பிள்ளைகளின் பதில் நீண்டது, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் வாய் திறந்தார்கள்.

ஒரு எச்சரிக்கை. இது கல்லூரிக்குள், சக மாணவர்கள் முன்னால் எடுக்கும் பாடத்துக்கு மட்டும். பள்ளியில் குழந்தைகளை வைத்து வீடியோ எடுக்க வேண்டாம். எடுத்தால் அது எந்தக் குழுவில் எங்கே போகும் என்று நம் கையில் இருக்காது.

#11 கரிசல்

பழைய_டயட் ஐயா சொன்னதை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். இதில் விற்பவர் யாரும் இல்லை. பெரிய திரைகளை வாங்கி மாட்டுவதற்கு முன்னால் இதைச் செய்யலாம்.

செங்காந்தள், உங்கள் பல்பு விஷயத்தில் நான் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். எலக்ட்ரானுக்கு டம்ளர் இல்லைதான்.

#12 மலைக்கோட்டை

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். கரிசல் ஐயா பெருவைச் சொன்னார். மறுபக்கமும் இருக்கிறது. டெல்லியில் நடுநிலை வகுப்புப் பிள்ளைகளிடம் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளை வைத்து கார்த்திக் முரளிதரனும் உடன் ஆய்வாளர்களும் செய்த ஆய்வு 2019இல் வெளியானது. பள்ளி முடிந்தபின் மையத்துக்கு வந்த பிள்ளைகள் நான்கரை மாதத்தில் கணிதத்திலும் இந்தியிலும் நன்றாக முன்னேறினார்கள். அந்த மென்பொருள் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எட்டாம் வகுப்புப் பாடத்தைக் கொடுக்கவில்லை. அந்தப் பிள்ளை உண்மையில் நான்காம் வகுப்பு அளவில் நின்றால் அங்கிருந்து தொடங்கியது. பெருவில் கொடுத்தது பெட்டி. இங்கே கொடுத்தது பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து ஒரு பாடம். பயிற்சி மாணவர்கள் இந்த இரண்டு ஆய்வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம்.

#13 எழுத்தாணி

தமிழ் கற்பித்தல் எடுக்கிறேன். சுருக்கமாக இரண்டு சொல்கிறேன்.

ஒன்று, தட்டச்சு. எங்கள் மாணவர்களில் பலருக்குத் தமிழில் தட்டச்சு வராது. பேசித்தான் எழுதவைக்கிறார்கள், ழகர ளகரப் பிழையோடு அப்படியே வகுப்புக்குக் கொண்டுவருகிறார்கள். இன்னும் சிலர் யூனிகோடுக்கு முந்தைய பாமினி, வானவில் எழுத்துருவில் அடித்த பழைய வினாத்தாளை ஒட்டினால் புரியாத எழுத்தாகக் குப்பை வருகிறது, ஏன் என்று தெரிவதில்லை. தமிழக அரசு யூனிகோடை ஏற்றது 2010இல். தமிழ்99 விசைப்பலகையை ஒரு மாதம் பழகினால் கை ஓடும். தமிழாசிரியராகப் போகிறவருக்கு இதை யாராவது கட்டாயமாக்க வேண்டும். நான் என் வகுப்பில் ஆக்கியிருக்கிறேன்.

இரண்டு, செயற்கை நுண்ணறிவு. பாடக் குறிப்பேட்டை இப்போது அதுதான் எழுதுகிறது, எல்லோருக்கும் தெரியும். அறிவியல் மாணவர் ஒருவர் கொண்டுவந்த குறிப்பைப் பார்த்தேன். விசை வர வேண்டிய இடத்தில் சக்தி, ஆற்றல் வர வேண்டிய இடத்திலும் சக்தி, திறன் வர வேண்டிய இடத்திலும் சக்தி. மூன்றும் வேறு வேறு என்று சொல்லத்தானே அந்தப் பாடமே? அவரைத் திட்டவில்லை. சிவப்புப் பேனாவைக் கையில் கொடுத்து, பாடப்புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துத் திருத்தச் சொன்னேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. முடித்ததும், "இதுக்கு நானே எழுதியிருக்கலாம் சார்" என்றார். இல்லை, இந்தத் திருத்தம்தான் இன்றைய பாடம் என்றேன். இப்போது என் வகுப்பில் குறிப்பேட்டோடு திருத்திய தாளையும் ஒட்ட வேண்டும்.

#14 முக்கோணம்

எல்லோருக்கும் நன்றி. எழுதியதை எல்லாம் அச்செடுத்துத் துறைக் கூட்டத்துக்குக் கொண்டுபோனேன். கணினித் தாள் எடுக்கும் சார் முதலில் தயங்கினார், தன்னைக் குறை சொல்கிறோம் என்று நினைத்தார். குறை என்னுடையதும்தான் என்று சொன்ன பிறகு பேசினார். வாரத்துக்கு ஒரு பாடவேளை இருவரும் ஒரே வகுப்பில் நிற்பது என்று முடிவானது. அவர் கருவியைப் பார்த்துக்கொள்வார், பிள்ளை என்ன கேட்கும் என்பதை நான் பார்த்துக்கொள்வேன். முதல்வர் ஒரு பருவத்துக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்.

பாடக் குறிப்புப் படிவத்தில் இரண்டு வரி சேர்த்தோம். "எங்கே நிறுத்துவேன், என்ன கேட்பேன்" ஒன்று, அது ஊராட்சிப்பள்ளி ஐயாவுக்கு. "மின்சாரம் இல்லாவிட்டால்" இன்னொன்று, கோப்பாய்த் தம்பிக்கு. பயிற்சிக்கு முதல் நாள் பள்ளிக்குப் போய்ச் சன்னல், பிளக், கேபிள், சாவி யாரிடம் என்று பார்த்து வர அரை நாள். மதிப்பீட்டுத் தாளில் "தொழில்நுட்பப் பயன்பாடு 5" என்ற வரியை அடித்துவிட்டு என்ன எழுதுவது என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். பல்கலைக்கழகப் படிவம் ஆயிற்றே, அதை நாங்களாக மாற்ற முடியாது. கீழே தனியாக ஒரு தாள் இணைக்கலாம் என்கிறார்கள்.

நுண்ணிலைக் கற்பித்தல் பதிவு சென்ற வியாழன் ஆரம்பித்தோம். பயிற்சி மாணவர்களுக்கு முன்னால் நானே முதலில் 6 நிமிடம் எடுத்தேன், பதியச் சொன்னேன். பதினோரு ஆண்டு அனுபவம். போட்டுப் பார்த்தோம். ஒன்பது கேள்வி கேட்டிருந்தேன். ஒரு மாணவர் போனில் விநாடி எண்ணினார். ஏழு கேள்விக்கு ஒரு விநாடிகூட விடாமல் நானே பதில் சொல்லியிருந்தேன். வகுப்பு என் முகத்தையே பார்த்தது. "சரி, மறுபடி எடுக்கிறேன்" என்றேன். இரண்டாவது முறை காத்திருந்த அந்த மூன்று விநாடி எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் தெரிந்தது. அப்புறம் மாணவர்கள் வரிசையாக எழுந்து வந்தார்கள். பயந்துகொண்டிருந்த பெண்கள்கூட வந்தார்கள்.

181 பையன் விஷயம். அந்த மாணவியிடம் பேசினேன். அழுதாள். அப்புறம் இருவரும் உட்கார்ந்து முக்கோணத்தை இழுத்து 179 வரும் இடம், 181 வரும் இடம் எல்லாம் தேடினோம். திங்கட்கிழமை அதே வகுப்பில் அதே பாடத்தை மறுபடி எடுக்கத் தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கியிருக்கிறாள். அந்தப் பையனைத்தான் முனையை இழுக்கக் கூப்பிடப் போகிறாளாம்.

#15 செங்காந்தள்

மேடம், நானும் முதல் பிரிவுக்குப் போய்விட்டு வந்தேன். ஊராட்சிப்பள்ளி ஐயா சொன்ன அன்றே கேட்டு வாங்கினேன். அந்தப் பையன் குழுவுக்குப் புது பேட்டரி கொடுக்கவில்லை, பழைய பேட்டரியையே கொடுத்தேன். எரியவில்லை. அவன் பக்கத்துக் குழுவின் பேட்டரியைக் கடன் வாங்கிப் போட்டுப் பார்த்தான், மங்கலாக எரிந்தது. இரண்டு பேட்டரியையும் சேர்த்து வைத்தான், எரியவில்லை. ஒன்றைத் திருப்பி வைத்தான். நன்றாக எரிந்தது. "மிஸ், போன்லயும் ஒண்ணைத் திருப்பி வெச்சா அணையுமா? பாக்கலாமா?" என்று கேட்டான். போனைக் கொடுத்துவிட்டேன்.